பலூன் ஊதினால் 'ப' வராது

என் மகள் பவித்ராவின் மேல்வாய்ப் பிளவை ஒரு வயதில் தைத்து மூடினார்கள். மூன்று வயதில் அவள் தன் பெயரைச் சொன்னபோது 'ப' வரவில்லை. தொண்டைக்குள் ஒரு வெட்டு கேட்டது, பிறகு "அவி". அன்றிலிருந்து புனேயில் இருந்த எங்கள் சொந்தமெல்லாம் வைத்தியர்களாகிவிட்டார்கள்.

தாபோடியில் இருக்கும் என் நாத்தனார் வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்துக்கொண்டு வந்தார்.

"நாக்குல தடவு, ஜல்தி பேச்சு வந்துரும். எங்க லைன் வீட்டுல எல்லாப் புள்ளைக்கும் இதான்."

பிளவு இருந்தது அண்ணத்தில். அவர் தடவ வந்தது நாக்கில். இடமே தெரியாத வைத்தியத்துக்கு அதட்டல் மட்டும் குறைவில்லை.

ஹிஞ்சேவாடியில் எங்கள் குடியிருப்புக்கு எதிரே ஒரு பேச்சுப் பயிற்சி மையம். பலூன், விசில், சோப்புக் குமிழி என்று ஊதினால் வாய்த்தசை பலப்படுமாம். ஊதினால் பேச்சு வரும் என்றால் நாதஸ்வரக்காரர்கள் எல்லாரும் மேடைப் பேச்சாளர்களாக முழங்கியிருக்க வேண்டும். இரண்டு மொழி குழப்பும், தமிழை நிறுத்துங்கள் என்றும் சொன்னார்கள். என் கணவர், பெரிய இன்ஜினியர், பலூனை வாங்கிக் குவித்து, குழந்தையிடம் ஆபீஸ் இங்கிலீஷ் பேசினார்.

பவி நன்றாக ஊதினாள். பேச்சைத்தான் நிறுத்திவிட்டாள். பள்ளியில் பெயர் கேட்டால் என் பின்னால் ஒளிவாள்; நான் பதில் சொல்வேன். இப்படியே ஊமையாக வளர்ந்துவிடுவாளோ என்று பயந்தேன்.

புனேயின் கேம்ப் பகுதியில் வேறொரு பேச்சுப் பயிற்சியாளரிடம் போனோம். வாயைப் பார்த்துவிட்டு அவர் இந்தியில் சொன்னார்: "அண்ணம் நன்றாக மூடியிருக்கிறது. குறை தசையில் இல்லை, பழக்கத்தில்." குளோட்டல் ஸ்டாப் (உதட்டில் பிறக்க வேண்டிய ஒலியைத் தொண்டையிலேயே வெட்டிவிடுவது) என்று அதற்குப் பெயர். வீட்டில் தமிழிலேயே பேசுங்கள் என்றார்.

பயிற்சி இவ்வளவுதான்: "ஹ்" என்று மெல்ல மூச்சு விட்டபடியே உதட்டை மூடித் திறக்க வேண்டும். மூச்சு ஓடும்போது தொண்டை வெட்டாது. முதலில் மூக்கை விரலால் பொத்தினால் காற்று வாயில் சேர்வது குழந்தைக்கே தெரியும். பிறகு விரலை எடுத்துவிட வேண்டும். உங்கள் குழந்தைக்கு அண்ணம் சரியாக மூடியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பலூனை நீட்டுகிறவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மாதங்கள் போயின. ஒருநாள் லிஃப்டில் பக்கத்து வீட்டம்மா அவளிடம் பெயர் கேட்டார். வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன்.

"அம்மா, நீ பேசாத. நான் சொல்றேன்."

'பேசாத'வில் 'ப' முழுசாக உதட்டில் பிறந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவேயில்லை. நிதானமாகத் தன் பெயரைச் சொன்னாள். அதற்குள் எங்கள் மாடி வந்து, கதவு திறந்து, மூடி, லிஃப்ட் எங்களோடு மேலே போய்விட்டது.

இப்போதும் யாராவது அவளிடம் ஏதாவது கேட்டால் என் உதடு தானாகத் திறக்கிறது. அதை மூடிவைக்கத்தான் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.