சூட்டில் புரண்ட காந்தம்

ஃப்ரீஸ்லாந்தில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தவரின் மகள் வீட்ஸ்கெ. நைமேகன் நகரத்து ஆய்வகத்தில், கண்ணுக்குத் தெரியாத காந்தப் புள்ளிகளை லேசரால் கணநேரம் சூடாக்கிப் பார்ப்பது அவள் வேலை. வெறும் சூட்டிலேயே அவற்றின் வடக்கும் தெற்கும் இடம் மாறுவதை அவள் கண்டாள். குழுத் தலைவர் ஹார்மென் நம்பவில்லை.

"சூடு காந்தத்தைக் கலைக்கும், திருப்பாது. பக்கத்துல இருக்கிற கம்பிச்சுருளோட காந்தப்புலம்தான் திருப்பியிருக்கும். கருத்தரங்குல இதைச் சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சாணி அள்ளுன பூட்ஸோட பள்ளிக்கூடம் போனவ நான், சிரிப்பெல்லாம் பழக்கம்தான்."

மறுநாள் காலை அவள் அந்தச் சுருளைக் கழற்றி, இரு கையாலும் தூக்கிக்கொண்டு போய் அவர் மேசைமேல் வைத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும். இப்ப வந்து பாருங்க."

லேசர் மின்னியது. திரையில் வடக்கு கறுப்பாகவும் தெற்கு வெளுப்பாகவும் தெரியும்; கறுப்பாக இருந்த புள்ளிகள் வெளுத்தன. மறுபடி மின்னியது; வெளுத்தவை கறுத்தன. ஹார்மென் தாடியைத் தடவினார்.

"ஏன்னு எனக்குப் புரியலையே, வீட்ஸ்கெ."

"எனக்கும்தான் புரியல. அதுக்காக நடக்கிறதை மறைக்கணுமா?"

அவர் தடுக்கவில்லை. கருத்தரங்கில் அவள் எல்லாவற்றையும் காட்டினாள். நம்பாதவர்கள் தாங்களே செய்து பார்க்கலாம் என்றாள். இரண்டு ஆய்வகங்கள் அவளைப் பொய்யாக்கவே செய்து பார்த்தன. அங்கேயும் காந்தம் புரண்டது.