பங்கு போட்ட சல்பா மாத்திரை

எங்கள் தொழிலில் மருந்தைக் கொடுப்பது பாதி வேலை. அது நோயாளியின் வயிற்றுக்குள்தான் போனதா என்று சந்தேகப்படுவது மீதி வேலை. மருந்து மேசைக்குப் பின்னால் நின்று காலம் தள்ளிய கம்பவுண்டர்மார் யாராவது இதைப் படித்தால், நான் பட்ட பாடு அவர்களுக்குப் புரியும்.

யுத்த காலத்தில் தூத்துக்குடியில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தேன். சல்பா மாத்திரை அப்போது புதுசு. கிருமியால் வந்த ஜுரத்தை இரண்டே நாளில் அடக்கும், ஆனால் லேசில் கிடைக்காது. அதனால் அதை வாங்கிப் போகிறவர்களை எல்லாம் விற்கப் போகிறவர்களாகவே எனக்குத் தோன்றும்.

முழுங்கிக் காட்டச் சொன்னவர்

திரேஸ்புரத்துச் சங்குகுளிகாரர் அந்தோணிக்கு நிமோனியா. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவந்த டாக்டர், "மாத்திரை ஒழுங்கா உள்ள போனா பொழைப்பான், இல்லேன்னா சொல்ல முடியாது" என்றார். மாத்திரை வாங்க வந்தவர் சூசை, அந்தோணி மனைவியின் அண்ணன். அந்தோணி கடலில் மூழ்கும்போது படகில் நின்று கயிறு பிடிப்பவரும் அவர்தான். அந்த வேலையை மைத்துனனிடம்தான் கொடுப்பார்கள். தங்கை விதவையாவதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் என்ற நம்பிக்கை.

ஐந்து நாளுக்கு எண்ணிக் கட்டிக் கொடுத்தேன். நாலு மணிக்கொருதரம் இரண்டு மாத்திரை, செம்பு நிறையத் தண்ணீர், ஜுரம் விட்டாலும் நிறுத்தக் கூடாது, தோலில் தடிப்போ சிறுநீரில் ரத்தமோ கண்டால் உடனே ஓடி வர வேண்டும். இவ்வளவையும் கேட்டுவிட்டு, ஒரு மாத்திரையை எடுத்து முகர்ந்து பார்த்தார். என்னையே ஒன்று விழுங்கிக் காட்டச் சொன்னார். நோய் இல்லாதவன் இதைத் தின்னக் கூடாது என்றேன். அது அவருடைய சந்தேகத்தை இன்னும் கூட்டிவிட்டது.

"தண்ணிக்குள்ள மாப்பிள மூச்சு என் கையில இருக்கு, கம்பவுண்டரய்யா. நீங்களே தின்னப் பயப்படுதத அவருக்கு எப்படிக் குடுப்பேன்?"

அப்படிச் சொன்னாலும் பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டுதான் போனார்.

கலர் இல்லாத மருந்து

மறுநாள் ஏரலிலிருந்து ஒரு மளிகைக்கடைக்காரர் வந்தார். தொண்டை வீங்கி எச்சில் விழுங்க முடியவில்லை. அவருக்கும் சல்பாதான். கையோடு கழுவிக் கொண்டுவந்த சீசாவை மேசையில் வைத்துவிட்டு, அது நிறையாமல் நகரமாட்டேன் என்று நின்றார். இந்த மாத்திரை சிறுநீரகத்தில் படியாமலிருக்க சோடா உப்புக் கரைசலும் கொடுப்பதுண்டு. அதைச் சீசாவில் ஊற்றிக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வெறும் தண்ணீர் என்று முகத்தைச் சுளித்தார். தலையெழுத்தே என்று அவர் கண்முன்னாலேயே இரண்டு சொட்டுச் சிவப்புச் சாயத்தை விட்டுக் குலுக்கினேன்.

"இப்பதான் மருந்து மாதிரி இருக்கு. மொதல்லயே இதச் செய்யாம, ஆளப் பாத்து ஏமாத்தப் பாத்தீரோ?"

படகுப் பங்கு

சூசை மாத்திரை வாங்கிப் போன நாலாம் நாள் காலையில் அந்தோணியின் மனைவி ரோசம்மாள் அழுதுகொண்டு வந்தாள். இரண்டாம் நாளே விட்டிருந்த ஜுரம் திரும்பவும் அனலாய்க் கொதிக்கிறதாம், ஆள் பிதற்றுகிறாராம். மாத்திரை மிச்சம் இருக்கிறதா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். எனக்குச் சூசை மாத்திரையை முகர்ந்த காட்சி ஞாபகம் வந்தது. விற்றுவிட்டான் படுபாவி என்று முடிவே கட்டிவிட்டேன். டாக்டரை அழைத்துக்கொண்டு திரேஸ்புரம் போய், வாசலில் நின்றிருந்த சூசையிடம் எல்லார் முன்னிலையிலும், "யாருக்கு வித்தீரு?" என்று கேட்டேன். அவர் முகம் கறுத்தது.

நடந்தது வேறு. ஜுரம் விட்டதும் அந்தோணி எழுந்து உட்கார்ந்து, நலம் விசாரிக்க வந்த படகுக்காரர்களுக்கு மிச்ச மாத்திரையைப் பங்கு போட்டிருக்கிறார். சங்கைப் பிரிப்பதுபோல ஆளுக்கொரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு. இருமல் உள்ளவன், இடுப்பு வலிக்காரன், ஒன்றுமே இல்லாதவன் என்று எல்லாரும் விழுங்கிவிட்டார்கள். ஒருவனுக்கு முதுகெல்லாம் தடித்துக் கிடந்தது. ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டபோது, பிதற்றலுக்கு நடுவே சற்றுத் தெளிந்து, அந்தோணி பெருமையாகவே சொன்னார்:

"நல்லது கெடச்சா தனியாத் தின்னு எங்களுக்குப் பழக்கமில்ல, அய்யா."

கயிறு

அதற்குப் பிறகுதான் சூசை முன்னால் வந்தார். மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். அவருடைய பங்கும், அவரிடம் கொடுத்துவைத்த படகின் பங்கும் அப்படியே இருந்தன. சந்தேகத்தில் அவர் அதைத் தொடவே இல்லை. டாக்டர் எண்ணிப் பார்த்து, இன்றைக்குப் போதும் என்றார். மீதியைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வர என்னை விரட்டினார். விற்றுவிட்டதாக நான் சொன்ன ஆளின் மடியில் அந்தோணியின் உயிர் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து சூசை கடலுக்குப் போகவில்லை. கட்டிலின் காலருகே உட்கார்ந்து, ஒரு கயிற்றின் நுனியை அந்தோணியின் மணிக்கட்டில் கட்டி, மறு நுனியைத் தன் கையில் பிடித்துக்கொண்டார். மாதாகோயில் மணியை வைத்து நேரம் பார்த்து, மாத்திரை வேளை வந்ததும் ஒரு சுண்டு சுண்டுவார். கடலுக்கடியில் அதற்கு அர்த்தம் மேலே வா என்பது. அரைமயக்கத்தில் கிடந்தாலும் அந்தோணி வாயைத் திறந்துவிடுவார். விழுங்கிய பின் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர்ச் செம்பைக் கொடுப்பார் சூசை. நலம் கேட்டு வந்த படகுக்காரர்களுக்கு வாசலோடு சரி. மூன்றாம் நாள் ஜுரம் இறங்கியது. அதன் பிறகும் டாக்டர் சொன்ன கடைசி மாத்திரை வரைக்கும் கயிற்றை அவிழ்க்கவில்லை.

எல்லாம் முடிந்து காலிப் பொட்டலத்தோடு என்னிடம் வந்தார். அன்றைக்கு வாசலில் வைத்துக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சந்தேகப்பட்டது தப்பில்ல, அய்யா. கீழ எல்லாம் சரியா இருக்கும்னு நம்பிக்கிட்டு நிக்கிறவன் கையில கயிறு குடுக்க மாட்டோம்."

அந்த வேலையில் நான் முழுசாக நம்பிய ஒரே மனிதர் அவர்தான். அப்படியும் அவர் படியிறங்கிய பிறகு அந்தக் காலிப் பொட்டலத்தைப் பிரித்து ஒருமுறை உதறிப் பார்த்தேன்.