தாலுகா ஆபீஸ் மேசையை நான் இறக்கிய கதை

அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். சிம்மக்கல்லில் வெங்காய மண்டி வைத்தேன். லாரி வாங்கினேன், அது ஓடிச் சம்பாதித்ததில் இன்னொரு லாரி வாங்கினேன். ஆனையூர்ப் பக்கம் நாய்கூடப் போகாத பொட்டலில் மனை வாங்கியபோது சிரித்தவர்கள், நான் மாடி எடுத்ததும் பக்கத்து மனைக்கு என்னிடமே விலை கேட்டு வந்தார்கள். மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். அப்பன் சொத்து என்று எனக்கு வந்தது மூட்டை இழுக்கிற கொக்கி ஒன்றுதான். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்றும் இருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மண்டி வைப்பதற்கு முன் நான் லோடுமேன். என்னோடு மூட்டை தூக்கியவன் ஒருவன், சமயநல்லூர்க்காரன். சொந்தமெல்லாம் இல்லை, ஆனாலும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். லாரிப் பலகையில் ஏறும்போது ஒருநாள் சறுக்கி விழுந்தான். தலையில் இருந்த மூட்டை முதுகில் விழுந்தது. அதோடு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

ஊனமுற்றவர்களுக்கான பென்ஷனுக்கு ஆளைப் பிடித்து மனு எழுத வைத்ததும் நான்தான். பெரிய தொகை இல்லை. அவன் மனைவி பூக்கட்டிக் கொண்டுவருவதோடு இதையும் சேர்த்தால் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் இழுத்துப் பிடிக்கும். ஆனால் மாதாமாதம் தபால்காரர் வாசலில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். இவன் கட்டிலில் கிடந்தபடியே, “உள்ள வாங்க சார், ஒக்காருங்க” என்பான், பெரிய மிராசுதார் மாதிரி.

அப்புறம், நான் மண்டி வைத்து லாரியும் வாங்கிய பிறகு, ஒரு வருஷம் பட்ஜெட் போட்டார்கள். பட்ஜெட் என்றால் எங்களுக்குப் பீடி என்ன விலை, மண்ணெண்ணெய் என்ன விலை, அவ்வளவுதான். டீக்கடையில் பேப்பர் வாசித்தவர் நடுவில் ஒரு வரி வாசித்தார்: உதவித்தொகைச் செலவு கூடிவிட்டதாம், தகுதியில்லாதவர்களை நீக்கப் போகிறார்களாம். யாரும் காதில் வாங்கவில்லை. சித்திரையில்தான் அதற்கு அர்த்தம் புரிந்தது. பென்ஷன் வாங்குகிற எல்லோரும் தாலுகா ஆபீசுக்கு நேரில் வர வேண்டும், வராதவருக்கு நிறுத்தம்.

மாப்ளயை என் லாரியிலேயே படுக்க வைத்துக் கொண்டுபோனேன். ஆபீஸ் இருந்தது மாடியில். கீழே வேப்பமரத்தடியில் கால் விளங்காதவர், கண் தெரியாதவர், விரல்கள் போனவர் என்று ஒரே கூட்டம். பியூன் மேலே நின்று பெயர் கூப்பிட்டார்.

ஊன்றுகோல் வைத்திருந்த ஒரு பெரியவர் வேர்த்து விறுவிறுத்து ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தார்.

“வெட்டிட்டாங்கப்பா. மாடி ஏறி வாரவருக்கு வேல பாக்க முடியாதாங்கிறாங்க.”

அடுத்து ஒருவரை அவருடைய அக்கா மகன் முதுகில் சுமந்துகொண்டு போனார். அவருக்கும் நிறுத்தம். தூக்கிவர ஆள் இருந்தால் சோறு போடவும் ஆள் இருக்குமாம்.

அதற்குள் மாப்ள பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவனை முதுகில் போட்டுக்கொண்டு படியில் கால் வைத்தேன். காதோரம் சொன்னான்:

“எறக்குடா மாப்ள.”

“சும்மா கெட. வெங்காய மூட்டைக்கு நீ லேசுதேன்.”

“எறக்குங்கிறேன்ல. மண்டி மொதலாளியே தூக்கிட்டு வாராரு, இவனுக்கு எதுக்குப் பென்ஷன்னு எழுதிருவாங்க.”

“எழுதட்டும். ஒனக்குச் சோறு நா போடுறேன். எம்புட்டுத் தின்னுருவ நீ?”

“போடுவ. போட்டுட்டு ஊரு பூராம் சொல்லிக்கிட்டுத் திரிவ. அதுக்குப் பட்டினி கெடக்கலாம். தபால்காரரு எம் பேரச் சொல்லிக் கூப்புடுறாருல்ல, அது போயிருமேடா.”

சுருக்கென்றுதான் இருந்தது. இறக்கிச் சாக்கில் படுக்க வைத்தேன். ஏறினாலும் போச்சு, தூக்கிப் போனாலும் போச்சு. கீழேயே கிடந்தால், வரவில்லை என்று போச்சு.

படித்தவனாக இருந்தால் மனு எழுதியிருப்பேன். நான் நேரே மேலே போனேன். கரண்ட் இல்லை. அதிகாரி அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கெட்ட மனிதராகத் தெரியவில்லை. ஆளைக் குறை என்று மேலே சொல்லியிருப்பார்கள், அவர் குறைத்துக்கொண்டிருந்தார். நியாயம் பேசினால் துரத்திவிடுவார். வியாபாரத்தில் நான் படித்த பாடம், எதிராளிக்கு என்ன தேவையோ அதைப் பேசு என்பது. துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

“ஐயா, கீழ வேப்பமரத்தடில காத்து பிச்சுக்கிட்டு வருது. இந்த மேசைய அங்கிட்டுப் போட்டுத் தரட்டுங்களா?”

“அதுக்கெல்லாம் ரூல் இல்லய்யா.”

“மாடிலதேன் இருக்கணும்னு ரூல் இருக்குங்களா?”

சிரித்துவிட்டார். “தேக்கு மேசைய்யா. யாரு தூக்குறது?”

“அத எங்கிட்ட விடுங்க. எங்க தொழிலே அதுதேன்.”

லாரியில் வந்த என் ஆட்களைக் கூப்பிட்டேன். தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு, படி திரும்புகிற இடத்தில் மேசையைத் தலைக்கு மேல் உயர்த்தித் திருப்பினோம். முன்பக்கம் நான். மேலே இருந்த மைக்கூட்டில் ஒரு சொட்டுக் கொட்டவில்லை.

“இடது பக்கம், இடது பக்கம்! மொதலாளி ஆனதும் தொழில் மறந்துபோச்சாடா?” கீழே இருந்து கத்தியது மாப்ளதான்.

அதிகாரி இறங்கி வந்து மர நிழலில் உட்கார்ந்தார். தவழ்ந்து வந்தவர்களை அன்றைக்கு அப்போதுதான் பார்த்தார். மாப்ளயின் முறை வந்தது.

“எந்திரிச்சு ஒக்கார முடியுமாய்யா?”

“முடிஞ்சா, இவன் மேசை தூக்குன லட்சணத்துக்கு எந்திரிச்சு ஒதச்சிருப்பேன் சார்.”

அதிகாரி எழுந்து வந்து அவன் காலைத் தொட்டுப் பார்த்தார். திரும்பப் போய் உட்கார்ந்து, தொடரலாம் என்று எழுதினார். அன்று கீழே இருந்த பலருக்கும் பென்ஷன் தப்பிப் பிழைத்தது. காலையில் மாடிக்குப் போன இரண்டு பேருக்கு மட்டும், எழுதியது எழுதியதுதான், மறுபடி மனுப் போடச் சொல் என்றார். எவ்வளவோ மன்றாடினேன். “ஏறாம இருந்திருக்கலாம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஊன்றுகோல் பெரியவர் பஸ்ஸுக்குப் போனார். அவருக்குத் திரும்பக் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் தபால்காரர் வந்து மாப்ள பெயரைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து சாகும்வரை அவன் தெருவெல்லாம் சொன்ன கதை இது: “என்னையப் பாக்க ஆபீசரே மாடிய விட்டு எறங்கி வந்தாருப்பா.” என்னைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வேண்டுமென்றேதான் செய்தான், பயல். இன்றைக்கும் அந்தத் தெருவில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆபீசர் தானாக இறங்கவில்லை. முதலில் மேசை இறங்கியது, அதற்குப் பின்னால்தான் அவர் இறங்கினார். அந்த மேசையை இறக்கியவன் நான். கதையில் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.