கையில் கட்டிய நீலம்

என் மாமாவைச் சனி பிடித்திருந்தது. குருக்கள்மடம் ஊர் முழுவதற்கும் தெரிந்த சங்கதி இது. பேசிவந்த கலியாணமெல்லாம் குழம்பிப் போயின. வயல்வட்டையில் மற்றவர்களின் வேளாண்மை கொழித்து நிற்க, அவருடைய வயலை மட்டும் அறக்கொட்டிப் பூச்சி தின்றது. அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் வீட்டோடுதான் இருந்தார். நீலம் பதித்த மோதிரம் போட்டால் சனி விலகும் என்று சாத்திரியார் சொன்ன நாளிலிருந்து மனிதருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

கடைசியில் காத்தான்குடியிலிருந்து இரத்தினக்கல் வியாபாரி ஒருவரை வரவழைத்தார். நான் அப்போது மாமாவின் மடியை விட்டு இறங்காத சின்னப்பெண். வியாபாரி பொட்டலத்தைப் பிரித்து மோதிரத்தைக் காட்டியதும் வாயைப் பிளந்துவிட்டேன். அப்படியொரு நீலத்தை நான் கடலில்கூடக் கண்டதில்லை. இரத்தினபுரிப் பக்கம் குழி தோண்டி, சேற்றைக் கூடையில் அரித்தெடுத்த கல்லாம்.

“தம்பி, எடுத்த உடனே விரல்ல போட்டுடாதங்க,” என்றார் வியாபாரி. “நீலம் ஒத்துக்கொண்டா ராசாவாக்கும். ஒத்துக்காட்டி ஆளையே கொண்டு போயிரும் எண்டு உங்கட ஆக்கள் சொல்லுவாங்க. ஒரு கிழமை கையில கட்டிப் பாருங்க. மறுகா போடுங்க. விக்கிறவன் இதச் சொல்லாம விக்கப்படாது.”

மாமா மோதிரத்தைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் ஒரே நட்சத்திரம், பூசம். கல்லுக்கு ஆள் தெரியாது, நட்சத்திரம்தான் தெரியும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! வியாபாரி படலையைத் தாண்டியதும், மோதிரத்தைச் சீலைத் துண்டில் முடிந்து என் புஜத்தில் கட்டிவிட்டார். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு பதறுகிறது. அன்றைக்கோ எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வியாபாரி சொன்னதெல்லாம் என் காதிலும் விழுந்ததுதான். ராசா என்ற சொல் மட்டுமே மனதில் நின்றது. நாவூறு, கண்ணூறு படாமலிருக்கக் கட்டியது என்று மாமா சொன்னதை அம்மாவும் நம்பினாள்.

அந்தக் கிழமை முழுவதும் மாமா என்னையே கவனித்துக்கொண்டிருந்தார். தும்மினால் ஓடி வந்தார். இருமினால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மருமகள் மேல் என்ன பாசம் என்று அக்கம்பக்கத்தார் மெச்சினார்கள்.

கிழமை முடிவதற்குள் ஒருநாள் வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வயலுக்குத் தோணியில் போனோம். மீன் துள்ளியதைப் பார்க்க எட்டிக் குனிந்தவள் வாவிக்குள் விழுந்துவிட்டேன். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறியது மட்டும் நினைவிருக்கிறது. முதலை கிடக்கும் இடம் அது. மாமா கொஞ்சமும் யோசிக்காமல் குதித்து என்னைத் தூக்கிவிட்டார். தோணிக்குள் கிடத்தியதும் முதல் வேலையாக என் புஜத்து முடிச்சைப் பிய்த்தெடுத்தார்.

வீட்டில் அம்மா என் தலையைத் துவட்டினாள்.

“கல்லு எனக்கு ஒத்துக்கொள்ளல்லம்மா,” என்றேன். “இனி மாமா போடமாட்டாரு.”

துவட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அம்மா கேட்கக் கேட்க எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். தம்பியை அவள் ஒரு சொல் அதட்டி நான் கேட்டதில்லை. அன்று எழுந்து போய் அவரிடமிருந்த முடிச்சைப் பறித்து, மோதிரத்தை எடுத்து நீட்டினாள்.

“போடு.”

மாமா பின்வாங்கினார்.

“என்ட புள்ளைக்கு ஒண்டும் வராதெண்டுதானே கட்டினாய்? அப்ப உனக்கும் வராது. போடு, தம்பி.”

“வேணாம் அக்கா…” என்று மாமா கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். முதலைக்குப் பயப்படாத மனிதர் ஒரு மோதிரத்துக்கு நடுங்குகிறாரே என்று நான் திகைத்துப் போனேன். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

“மாமாவுக்குப் பயமெண்டா எனக்கே கட்டுங்கம்மா,” என்று கையை நீட்டினேன்.

அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். அதற்குமுன் அவள் என்னை அடித்ததேயில்லை. அடித்த கையாலேயே இழுத்து, மூச்சு முட்ட அணைத்துக்கொண்டாள். மாமா நிலத்தில் குந்தி, ஏங்கி ஏங்கி அழுதார். மாமாவுக்கு உதவத்தானே கையை நீட்டினேன், அதற்கு ஏன் அடி, ஏன் இத்தனை அழுகை என்று எனக்கு விளங்கவேயில்லை.