அவசரப்பட்டுச் சொன்ன சாட்சி

கண்ணாடிக்காரர் சபை ஆராதனையில் எழுந்து, ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இன்னும் இரண்டு நாள், செவ்வாய்க்கிழமை வரை பொறுத்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். பொறுக்கச் சொல்லி அவர் மனைவி காலையில் சட்டைக்கு இஸ்திரி போடும்போதே இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

கண்ணாடிக்காரர் என்றால் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். நாற்பத்தாறு வயது. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒடுக்கமான ஒரு கடை. ஒரு பக்கச் சுவரோரம் மரச்சட்டத்தில் சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகள், நடுவில் கம்பளி விரித்த நீள மேசை, மூலையில் உடைந்த சில்லுகளுக்கு ஒரு தகர டின். கட்டர் முனையை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பில் கோடு போட்டு, மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டு தட்டினால் கண்ணாடி சொன்ன இடத்தில் பிரியும். அந்த வேலையில் அவருக்குக் கை சுத்தம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் கால் வீங்கியது. நாளெல்லாம் நிற்கிறோம், வீங்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டார். மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு சிறுநீரகத்திலும் கொத்துக் கொத்தாக நீர்க்கட்டி. பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது என்றார்கள். இது குடும்பத்தில் வருகிற நோய் என்று டாக்டரம்மா விளக்கினார். அம்மா எப்படி இறந்தார் என்று கேட்டார். ஐம்பத்திரண்டு வயதில் தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று இவர் சொன்னதும், இந்த நோயில் ரத்த அழுத்தம் ஏறி அப்படியும் ஆகும் என்று தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். அக்கா ஒருத்தி இருக்கிறாள், என்னைவிட நாலு வயது பெரியவள், ஒரு ஜுரம்கூட வந்ததில்லை என்றார் இவர். அவள் தப்பித்துவிட்டாள் என்றுதான் அவர் உண்மையாகவே நம்பினார். அக்காவும் அப்படித்தான் சொன்னாள்.

அதிலிருந்து திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். நாலு மணி நேரம் படுக்கை. இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருந்தார்கள். அது கயிறு மாதிரிப் புடைத்து, தொட்டால் உள்ளே ஏதோ பூச்சி பறக்கிற மாதிரி அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, அடிபடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஏற்றுவதால், அந்த நாட்களில் சின்னச் சில்லு கீறினாலும் ஒரு மணி நேரம் நிற்காமல் கசியும். கண்ணாடி தூக்குகிறவனுக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய ஜன்னல் வேலைகளை விட்டார். வந்தவர்களை அவரே அடுத்த தெருக் கடைக்கு வழி சொல்லி அனுப்பினார். போட்டோ சட்டம், முகம் பார்க்கும் கண்ணாடி, இதோடு நின்றது.

எல்லாவற்றையும்விடத் தாகம்தான் பெரிய பாடு. ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் கூடாது. வீட்டில் அவர் மனைவி தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் சமையலறைக்குள் போய், சுவரைப் பார்த்து நின்று, சத்தமில்லாமல் குடித்துவிட்டு வருவாள். அது அவருக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டதில்லை. அவளே தன் சிறுநீரகத்தைத் தருவதாக இருந்தாள். சர்க்கரை இருக்கிறது, முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் அவர் பக்தி குறையவில்லை. இதில் ஆண்டவருக்கு ஒரு நோக்கம் இருக்கும், எனக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை என்று ஊசி ஏறும்போது சொல்லிக்கொள்வார். ஒப்புக்கு அல்ல, மனதார. பக்கத்துப் படுக்கையில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். அவரிடமும் ஒரு நாள் சொன்னார்.

"நோக்கம் இருக்கட்டும் சார்," என்றார் தபால்காரர். "ஊசியை மட்டும் கொஞ்சம் மெதுவா குத்தச் சொல்லுங்க."

அக்கா டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறவள். கணவர் இறந்து எட்டு வருடம். அன்றிலிருந்து சபைப் பக்கம் போகவில்லை. கேட்டால், "ஆண்டவர் மேல கோபமெல்லாம் இல்ல. பேச்சுவார்த்தை இல்ல, அவ்வளவுதான்" என்பாள். ஒரே மகள். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்திலேயே அக்கா சிறுநீரகம் தர முன்வந்தாள். உன்னை நம்பித்தான் அந்தப் பெண் இருக்கிறது என்று தம்பி மறுத்துவிட்டார். மகள் கல்லூரிக்குப் போன பிறகு ஒரு நாள் கடைக்கு வந்து, அவர் ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள்.

"என்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணை எடுத்துக்கோ," என்றாள்.

"அது ஸ்பேர் டயர் இல்ல அக்கா."

"வண்டி விஷயத்துல எனக்குப் பாடம் எடுக்காதே. நாளைக்கு வரேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ரத்த வகை ஒன்றாக இருந்தது. வேறு சில ரத்தச் சோதனைகளும் நன்றாக வந்தன. டாக்டரம்மா எச்சரிக்கையாகத்தான் பேசினார்.

"ரத்தம் சேருது. ஆனா உங்க வியாதியில ஸ்கேன்தான் முக்கியம். செவ்வாய்க்கிழமை எடுப்போம். அது வரைக்கும் மனசுல ரொம்ப வளத்துக்காதீங்க."

முதல் இரண்டு வார்த்தைகள்தான் அவர் காதில் விழுந்தன. ஆறு வருடம் காத்திருந்தவருக்கு மீதி எப்படி விழும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் கூப்பிட்டார். அவள் மறுக்காமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். போதகர், யாராவது சாட்சி சொல்லலாம் என்றதும் இவர் எழுந்தார். ஆறு வருடக் கதையைச் சொன்னார். ஆண்டவருக்கு ஒரு நேரம் இருக்கிறது, அந்த நேரம் வந்துவிட்டது, என் அக்கா வழியாக வந்தது என்று சொல்லிப் பின்னால் கையைக் காட்டினார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஆராதனை முடிந்து வாசலில் ஒவ்வொருவராக அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பரீட்சை எழுதாமலேயே பாஸ் ஆனவள் மாதிரி அவள் கூச்சத்தோடு நின்றாள். ஆனாலும் அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. அதை அவர் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை ஸ்கேன் அறைக்குள் அவரையும் நிற்க விட்டார்கள். ஸ்கேன் டாக்டர் வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை ஓட்டினார். வலது பக்கம் நிறுத்தினார். இடது பக்கம் ஓட்டினார், மறுபடி வலது பக்கம் வந்தார். பிறகு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார்.

"என்னங்க, ரெண்டுமே காணோமா?" என்றாள் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. திரையில் கறுப்பு வட்டங்கள் தெரிந்தன. சின்னதும் பெரிதுமாக நிறைய. கண்ணாடிக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தன்னுடைய படத்தில் அதே வட்டங்களை அவர் ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ரத்த அழுத்தம் பார்த்தார்கள். இதுவரை எங்கேயும் பார்த்ததில்லை என்றாள். மிக அதிகமாக இருந்தது. சிறுநீரகம் பாதிக்குக் கீழேதான் வேலை செய்கிறது, மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு என்று கொஞ்ச வருடம் தள்ளிப்போடலாம், மகளுக்கும் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று டாக்டரம்மா மெதுவாகச் சொல்லி முடித்தார்.

திரும்பும்போது அக்காதான் ஓட்டினாள், கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை வைத்த அந்த வண்டியை. ஒவ்வொரு திருப்பத்திலும் தவறாமல் சிக்னல் போட்டாள், கண்ணாடி பார்த்தாள். ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும்போது பேசினாள்.

"உனக்குக் குடுக்கலாம்னுதானே வந்தேன்."

"தெரியும் அக்கா."

"இப்ப என்ன பண்றது?"

விளக்கு பச்சையானது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"பொண்ணுகிட்ட இப்ப சொல்லாதே," என்று சொல்லிவிட்டுக் கியர் போட்டாள்.

அடுத்த ஞாயிறு சபைக்குப் போக வேண்டாம் என்றாள் மனைவி. போகாவிட்டால் கேள்வி இன்னும் நீளும் என்று போனார். வாசலிலேயே ஒரு அம்மா, "எப்போ ஆபரேஷன்? நாங்க உபவாசம் இருக்கோம்" என்றார். உள்ளே இன்னும் இரண்டு பேர். போதகர் சாட்சிக்கு அழைக்கும் முன்பே இவர் எழுந்து நின்றார்.

"போன வாரம் நான் சொன்னது நடக்கல. அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். அக்காவுக்கும் அதே வியாதி இருக்கு. வாசல்ல ஒவ்வொருத்தருக்கா சொல்ல என்னால முடியாது, அதான் இங்கயே சொல்றேன்."

உட்கார்ந்துவிட்டார். சபைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரோ ஒருவர் பழக்க தோஷத்தில், நல்ல சாட்சி கேட்டால் சொல்வதுபோல, "ஸ்தோத்திரம்" என்றார்.

மறுநாள் டயாலிசிஸ் முடிந்து களைத்துப் படுத்திருந்தபோது போதகர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். ஆறுதல் சொல்லத்தான் வந்தார்.

"பிரதர், வேற மாதிரி யோசிச்சுப் பாருங்க. உங்களுக்குக் குடுக்க வந்ததாலதான் அக்காவுக்கு முன்கூட்டியே தெரிஞ்சுது. இல்லைன்னா உங்க அம்மா மாதிரி ஆகியிருக்கலாம். ஆண்டவரோட நோக்கம் அதுவா இருக்கும்."

கண்ணாடிக்காரர் தலையணையை முதுகுக்கு வைத்து எழுந்து உட்கார்ந்தார்.

"ஒரு ஸ்கேன் எடுக்க வைக்கிறதுக்கா ஐயா எனக்கு ஆறு வருஷம்? அவ காதுல நேராவே சொல்லியிருக்கலாமே."

மனைவி, "என்னங்க" என்று அடக்கினாள். ஜெபம் பண்ணட்டுமா என்று போதகர் கேட்டார், பண்ணினார், காப்பி வேண்டாம் என்று எழுந்து போனார். அந்த வாரம் வியாழக்கிழமை கடைக்கு வந்தார். வெட்டித் தரச் சொன்னவர் கீழேயே இறக்கி வைத்துவிட்டுப் போன அலமாரிக் கண்ணாடி ஒன்று மேசைக்கு ஏற வேண்டியிருந்தது. போதகர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மறுமுனையைப் பிடித்தார். "நான் அன்னைக்குக் கொஞ்சம் பேசாம இருந்திருக்கலாம்," என்றார். "விரலை உள்ள மடக்காதீங்க ஐயா, வெட்டிடும்," என்றார் இவர். நோக்கத்தைப் பற்றி அதற்குமேல் அவர்கள் பேசவில்லை.

அக்கா மகளிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா திடீரென்று உப்பை நிறுத்தியதும், பீரோவில் ஆஸ்பத்திரி உறை இருந்ததும் போதுமாக இருந்தது. நேராக மாமாவின் கடைக்கு வந்தாள். அவர் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் இருக்குமா மாமா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"நீங்க ஜெபம் பண்றீங்கல்ல?"

"பண்றேன்."

"பண்ணி என்ன ஆச்சு?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் தேய்க்கும் கல்லைக் கீழே வைத்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா, நான் கூட வருகிறேன் என்றார். அவள் யோசித்து, "இப்ப வேண்டாம் மாமா. தெரிஞ்சா படிக்க முடியாது. படிப்பு முடியட்டும்" என்றாள். பேருந்து வரும்வரை அவளோடு போய் நின்றார். அதைத்தான் செய்ய முடிந்தது.

அதன்பிறகு அவருடைய ஜெபம் சுருங்கிவிட்டது. முன்னெல்லாம் நீளமாக, வரிசையாகச் சொல்வார். இப்போது கண்ணை மூடினால் வாக்கியம் பாதியில் நின்றுவிடும். உம்முடைய சித்தம் என்று ஆரம்பித்தால் திரையில் பார்த்த கறுப்பு வட்டங்கள் வந்து நிற்கும். விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. விட்டால் பிறகு யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தோன்றியது. எனவே தினமும் கண்ணை மூடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அக்கா டயாலிசிஸ் அறைக்கு வந்தாள்.

"என்ன அக்கா, இங்க?"

"பாத்து வச்சுக்கலாம்னு வந்தேன். நாளைக்கு எனக்கும் இதுதானே."

பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இயந்திரத்தைப் புதிய வண்டியைப் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தாள். எந்தக் குழாயில் போகிறது, எதில் திரும்பி வருகிறது என்று கேட்டாள். அவர் சொன்னார். ஊசி எவ்வளவு வலிக்கும் என்று கேட்டாள். பழகிவிடும் என்றார். "நிஜத்தைச் சொல்லுடா," என்றாள்.

"முதல் ஆறு மாசம் நல்லா வலிக்கும். அப்புறமும் வலிக்கும். நம்ம அதைப் பத்திப் பேச மாட்டோம்."

அவள் தலையாட்டினாள். அவருடைய இடது முன்கையில் ஊசி இல்லாத இடத்தில் இரண்டு விரலை வைத்து, அந்த அதிர்வைச் சிறிது நேரம் பார்த்தாள். கையை எடுக்காமலேயே சொன்னாள்.

"எனக்கு ஆண்டவர்கிட்ட பேச்சு இல்லைன்னு உனக்குத் தெரியும். உனக்கு இன்னும் இருக்குல்ல. எனக்காகக் கேளேன்."

அவர் கண்ணை மூடினார். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்துப் படுக்கையில் தபால்காரர் செய்தித்தாளைத் திருப்பாமல் வைத்திருந்தார். கடைசியில் ஒரு வாக்கியம் வந்தது.

"ஆண்டவரே, அக்கா வந்திருக்கா. பாத்துக்கோங்க."

அவள் காத்திருந்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் வருது அக்கா."

"சரி," என்றாள். டயாலிசிஸ் முடிய இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம் இருந்தது. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.