பன்றிக்கு வந்த பொல்லுகள்

கரவனெல்லைக்கு மேலே, இறப்பர்த் தோட்டத்துக் கடைசி லயத்தில் விஜயகலாவைத் தெரியாதவர் கிடையாது. மரத்தில் பால் வெட்டுவதில் கெட்டிக்காரி, வாயாடி, மாதர் சங்கத் தலைவி. சங்கத்தில்தான் தலைவி, வீட்டில் உதைபந்து. புருஷன் தினேஷ் கசிப்புச் சாராயம் குடித்தால் அடிப்பான். குடிக்கக் கிடைக்காவிட்டால் அதற்காக அடிப்பான். ஒருமுறை முன்பல் போனது. இன்னொருமுறை விறகுக்கட்டையால் போட்ட போட்டில் விலா எலும்பு முறிந்தது. ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்து அறைகளுக்கு நடுவே சுவர் என்பது பேருக்குத்தான். ஒவ்வொரு அடியும் எல்லாக் காம்பிராவுக்கும் கேட்கும். ஒருத்தரும் எழுந்து வந்ததில்லை.

அங்கேதான் ஆனெக் வந்து சேர்ந்தாள். நெதர்லாந்தில் சமூக அபிவிருத்தி படிக்கிற பெண். ஒரு தொண்டு நிறுவனம் அவளைப் பயிற்சிக்காகத் தோட்டத்துக்கு அனுப்பியிருந்தது. மொழிபெயர்க்க ரிப்கான் என்ற உத்தியோகத்தர் கூடவே வருவார். கறிவேப்பிலையைக்கூட ஒதுக்கத் தெரியாமல் மென்று விழுங்குகிற அப்பாவி அவள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். சங்கக் கூட்டத்தில் அவள் ஒரு வழி சொன்னாள். எந்த வீட்டில் அடி விழுந்தாலும் பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்று தட்டைத் தட்ட வேண்டும். ஊர் கூடும், அடிக்கிறவன் வெட்கப்பட்டு நிறுத்துவான். வேறொரு நாட்டில் பலித்த வழியாம்.

பெண்கள் தலையாட்டினார்கள். மரவள்ளிக்குள் காட்டுப்பன்றி இறங்கினாலும் இதே மாதிரித் தட்டைத்தான் தட்டுவார்கள், ஆண்கள் பொல்லும் தடியுமாக ஓடி வருவார்கள் என்பதை ஒருத்தியும் ஆனெக்கிடம் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்ததை எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டார்கள்.

அடுத்த கிழமை பொழுது சாய்கிற நேரம், தினேஷ் விஜயகலாவின் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"தலைவியாடி நீ, தலைவி?" என்று கேட்டுக் கேட்டு வயிற்றில் உதைத்தான். பட்டுப் பழகிய உடம்புக்கு அடியின் கனம் தெரியும். இன்றைக்குக் கொன்றுவிடுவான் என்று அவளுக்கு நிச்சயமாகப் புரிந்தது.

பக்கத்துக் காம்பிரா அழகம்மா சில்வர் தட்டோடு வெளியே வந்து கரண்டியால் விளாசினாள்.

வந்தார்களே ஒரு கூட்டம்! பொல்லு, மண்வெட்டி, நாய்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் அதே லயத்துக் கன்னையா.

"பன்னி எங்கக்கா?"

"உள்ள நிக்குது, போ," என்றாள் அழகம்மா.

கன்னையா கதவை உதைத்துத் திறந்து, அரையிருட்டில் அசைந்த உருவத்தின்மேல் ஒரு போடு போட்டான். தினேஷ் தோளைப் பிடித்துக்கொண்டு அலறினான். யாரோ டோர்ச் அடித்தார்கள். முகம் தெரிந்ததும் கன்னையா பொல்லைக் கீழே போட்டான்.

"அட, நம்ம தினேசா! பன்னின்னு நெனச்சிட்டேன்டா, மன்னிச்சுக்க."

தரையில் இரத்தத்தில் கிடந்தவளையும் எல்லோரும் பார்த்தார்கள்.

"இது குடும்ப வெசயம். வாங்கடா போவோம்," என்றான் கன்னையா. எல்லோரும் வாசலுக்குத் திரும்பினார்கள்.

மரவள்ளிக் கிழங்குக்கு ஓடி வந்த ஆம்பிளைகள்! சொல்லும்போதே வயிறு எரிகிறது.

தினேஷ் வெட்கப்பட்டான்தான், ஆனெக் சொன்னது பொய்யில்லை. அந்த வெட்கத்தில்தான் பால் வெட்டும் கத்தியை உருவினான். விஜயகலாவின் கைக்கு எட்டியது கன்னையா போட்ட பொல்லு. முதல் அடி மணிக்கட்டில் விழுந்தது, கத்தி தெறித்தது. அடுத்தது முழங்காலில். எலும்பு முறிகிற சத்தம் வாசல்வரை கேட்டது. அவன் விழுந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை.

"அடியே, புருஷன்டி! விடுடி!" என்று அத்தனை ஆண்களும் இப்போது உள்ளே பாய்ந்து அவளைப் பிடித்து இழுத்தார்கள்.

காலையில் விஜயகலாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆனெக் அழுதுகொண்டு நின்றாள். "சத்தம் மட்டும் போடத்தானே சொன்னேன், அடிக்கச் சொல்லலியேன்னு கேக்கிறாங்க," என்றார் ரிப்கான்.

விஜயகலா தையல் போட்ட நெற்றியைத் திருப்பினாள்.

"சத்தம் போட்டோம் மிஸ். எல்லாரும் வந்தாங்க, பாத்தாங்க, திரும்பிப் போனாங்க. அதுக்கப்புறம் என்ன செய்யணும்னு நீங்க சொல்லித் தரலியே?"

ரிப்கான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.