காதில் வைத்த பஞ்சு

மொக்கம்மாள் கறி தின்னாதவள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் எலும்பை உறிஞ்சிப் போடாமல் விடமாட்டாள். மிளகும் மல்லியும் அம்மியில் அரைத்து அவள் வைக்கும் குழம்பு தெருமுனை வரை மணக்கும். ஆனால் கோயிலில் கிடா வெட்டுகிற சித்திரை வந்துவிட்டால் மட்டும் அவளுக்குச் சோறு இறங்காது. பதினெட்டு வருசமாக இப்படித்தான். ஏதோ வயிற்றுக் கோளாறு என்று புருசன் செல்வமணி நினைத்துக்கொண்டிருந்தான்.

பண்ணைப்புரத்துக்கு மேற்கே, மலையை ஒட்டிய ஊர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருசம் அது. மகன் கர்ணனுக்கு முந்தின மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு பிழைத்ததற்காக ஒரு கிடாயை எல்லைச்சாமிக்கு நேர்ந்து விட்டிருந்தார்கள். எட்டு வயதுக் கர்ணன்தான் அதற்குக் குழை ஒடித்துப் போட்டு வளர்த்தான். திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது, புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த தாயின் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"ஆத்தா, வெட்டுனா அதுக்கு வலிக்கும்ல?"

"போய் வெளையாடு."

"தாத்தா சொன்னாக, மேல தண்ணி ஊத்துனதும் அது உதறி, சரி வெட்டிக்கிருங்கன்னு சொல்லுமாம். அதனால பாவமில்லையாம். நெசமா?"

மொக்கம்மாளின் கை நின்றுவிட்டது. அவளுக்கு ஒன்பது வயதில் அவள் தகப்பன் முத்துக்கருப்பன் சொன்ன அதே பொய். ஒரு எழுத்து மாறவில்லை. கொல்லவும் வேண்டும், கொன்ற குற்றம் கிட்டே வரவும் கூடாது. அதற்காகப் பெரியவர்கள் ஆட்டைப் பேச வைத்தார்கள். பிள்ளைகள் அதை நம்பிக் கறி தின்றார்கள்.

அவள் மட்டும் நம்பவில்லை. ஏனென்றால், ஆட்டைக் குளிப்பாட்டியவள் அவள்.

ஒன்பது வயதில் அவள் வளர்த்த கிடாய்க்குச் சுட்டி என்று பெயர். நெற்றியில் வெள்ளைப் பொட்டு. வெள்ளிக்கிழமைதோறும் வாய்க்காலில் இறக்கிக் குளிப்பாட்டுவாள். முதுகில் எத்தனை செம்பு ஊற்றினாலும் அது அசை போட்டுக்கொண்டு நிற்கும். காதுக்குள் தண்ணீர் போனால்தான் தலையிலிருந்து வால் வரை உடம்பை உதறும். பத்து தடவை செய்து பார்த்தாள். பத்து தடவையும் அப்படியே. அதற்குச் சாமி தேவைப்படவில்லை.

காதில் தண்ணீர் போகாவிட்டால் கிடா உதறாது. உதறாவிட்டால் உத்தரவு இல்லை. உத்தரவு இல்லாவிட்டால் வெட்டமாட்டார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை போட்ட கணக்கு. அதில் பிழையில்லை. ஊரைத்தான் அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

சித்திரையில் இலவங்காய் வெடித்துத் தெருவெல்லாம் பஞ்சு பறக்கும். திருவிழாவன்று காலையில் இரண்டு உருண்டை திரட்டி, எண்ணெயில் தொட்டு, சுட்டியின் இரண்டு காதிலும் ஆழமாக அடைத்து வைத்தாள். அது தலையை அவள் தோளில் தேய்த்தது.

கோயில் முன்னால் பூசாரி மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். கிடா நின்றது. இரண்டாவது குடம். நின்றது. மூன்றாவது குடத்தையும் தலைவழியே கவிழ்த்தார். சுட்டி, கழுத்து மாலையிலிருந்த வேப்பிலையை எட்டிக் கடித்தது. மொக்கம்மாளுக்குச் சிரிப்புப் பொங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தீட்டு பட்டிருக்கு," என்றார் பூசாரி.

கூட்டத்தின் கண்கள் வழக்கமாகத் திரும்பும் பக்கம் திரும்பின. தூரத்தில் புளியமரத்தடியில் பறையோடு நின்றிருந்தார் அம்மாவாசி. முப்பது வயது இருக்கும். பால் குடி மறந்த பிள்ளையும் அந்த ஊரில் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும்.

"ஏலே அம்மாவாசி, எல்லைக்கோட்டைத் தாண்டி வந்தியா?" என்றார் நாட்டாமை அழகர்.

"இல்லைங்க சாமி. நின்ன எடத்துலயே நிக்கிறேன்."

"அப்ப கிடா பொய் சொல்லுதா?"

கூட்டம் சிரித்தது. அவரை அந்தப் புளியமரத்திலேயே கட்டினார்கள். அடிக்கிற விளாரும் அந்த மரத்திலேயே ஒடித்ததுதான்.

முதல் அடி விழுந்தபோது மொக்கம்மாள் சுட்டியின் பக்கத்தில் நின்றிருந்தாள். கை நீட்டினால் காது. ஒரு அடியோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். இரண்டாவதும் விழுந்தது. இதோடு சரி, சுட்டி பிழைத்துவிடும் என்று நினைத்தாள். மூன்று, நான்கு, ஐந்து. ஆட்டுக்காக அழத் தெரிந்த பிள்ளைக்கு, மரத்தில் கட்டியிருந்தவர் அதுவரை ஒரு ஆளாகவே தெரியவில்லை. அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். ஏழாவது அடியில் அவர் "ஆத்தா!" என்று கத்தினார். கீழே விழுந்தால் அவளும் அப்படித்தான் கத்துவாள்.

சுட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கினாள். பிள்ளை கிடாயைப் பிரிய முடியாமல் அழுகிறது என்று நினைத்துப் பூசாரி அவளை விலக்கிவிட்டு நாலாவது குடத்தை ஊற்றினார். சுட்டி உடம்பு முழுவதையும் உதறியது. குலவைச் சத்தம் கிளம்பியது.

"பாத்தீகளா? அவனை அடிச்சதும் தீட்டு கழிஞ்சு போச்சு!"

அவள் காப்பாற்றப் போய்க் கொடுத்த சாட்சி, அவருக்கு எதிராகத்தான் போனது. அம்மாவாசிக்குக் கறியில் பங்கு இல்லை என்றார்கள். இனிமேல் அவர் சனம் யாரும் வாய்க்காலைத் தாண்டிக் கோயில் பக்கம் வரக்கூடாது என்றார்கள். கிடா சொன்ன பிறகு அதை மறுக்க யார் இருக்கிறார்கள்!

வீட்டில் அவள் உள்ளங்கையை விரித்துத் தகப்பனிடம் பஞ்சைக் காட்டினாள்.  முத்துக்கருப்பன் அதை எடுத்து, கறி வெந்துகொண்டிருந்த அடுப்பிலேயே போட்டார்.

"வாயைத் தொறந்தே, நம்ம வீட்டுப் பேரு போயிரும்."

மத்தியானம் இலை போட்டார்கள். அவளும் தின்றாள். பசி இருந்தது, கறி ருசியாகவும் இருந்தது. பிற்பாடு எத்தனையோ நினைத்து ஆறிக்கொண்டாள். அந்த ருசியை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை.

இப்போது கர்ணன் எதிரில் உட்கார்ந்து, நெசமா என்று கேட்கிறான். பொய் சொன்னால் அவனும் நிம்மதியாகத் தின்பான். அடுத்தவன் முதுகில் விளார் விழும்போது அவனும் கூட்டத்தில் நின்று சிரிப்பான். உண்மையைச் சொன்னால், பதினெட்டு வருசம் வாயை மூடியிருந்தவள் யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

புளியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, வாய்க்காலைத் தாண்டி அம்மாவாசியின் சனம் குடியிருக்கும் கீழ்க்குடிக்குப் போனாள். அம்மாவாசி வாசலில் கத்தாழை நாரில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"உக்காருங்க அண்ணே," என்றாள். அந்தச் சொல் அவளுக்கே புதிதாக இருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அவர் கயிற்றை விடவில்லை. "தெரியும் தாயி."

"தெரியுமா?"

"கிடாயை என் முன்னால நடத்தித்தான கூட்டிட்டுப் போனாக. காதுக்குள்ள வெள்ளையாத் தெரிஞ்சது."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, கிடா காதைப் பாக்குற அளவுக்குக் கிட்ட போயிட்டியாடான்னு இன்னும் ஏழு போட்டிருப்பாக." அவர் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை. "எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத் தெரிஞ்ச சங்கதி. தெரியாதவுக அங்கன இருக்காக."

திருவிழாவன்று கிடாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மொக்கம்மாளே நடந்தாள். பூசாரி குடத்தைத் தூக்கும்போது மடியிலிருந்து பஞ்சை எடுத்தாள். ஊரே பார்க்க இரண்டு காதிலும் அடைத்தாள்.

"ஏ மொக்கு, என்ன செய்யிறே? கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றார் முத்துக்கருப்பன்.

"ஊத்துங்க பூசாரி."

அவர் திகைத்து நிற்க, அவளே குடத்தைப் பிடுங்கி ஊற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கிடா அசையவில்லை.

"இப்ப யாரு தீட்டு? கீழ்க்குடி ஆளுக ஒருத்தரும் இங்கன இல்லையே. யாரைக் கட்டி வச்சு அடிக்கப் போறீக?" பஞ்சைப் பிடுங்கினாள். உள்ளங்கை அளவு தண்ணீரைக் காதில் விட்டாள். கிடா உதறியதில் நாட்டாமை அழகரின் வேட்டியெல்லாம் மஞ்சள் தெறித்தது. "அன்னைக்கும் இதுதான். பஞ்சை வச்சது நான். அடி வாங்குனவரு அம்மாவாசி அண்ணன்."

 எல்லாரும் சேர்ந்து பேசினார்கள். பொட்டச்சிக்கு வந்த திமிர் என்றார் அழகர். பூசாரி சூடத்தைக் கொளுத்தினார். கிடாயை வெட்டத்தான் செய்தார்கள். கீழ்க்குடிக்காரர்களை அன்று யாரும் அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் அம்மாவாசி வந்திருக்கமாட்டார்.

மத்தியானம் கர்ணன் இலையில் கறியை வைத்தாள். அவன் தொடவில்லை.

"அது சரின்னு சொல்லல, இல்ல ஆத்தா?"

"சொல்லல. நாமதான் கொன்னோம். தின்னாலும் தின்னு, தின்னாட்டாலும் போ. ஆனா அது சொன்னுச்சுன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லாத."

அவன் ஒரு துண்டை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

"அம்மாவாசி தாத்தா எத்தனை அடி வாங்குனாக?"

வாங்குனாக என்கிறான். அந்த ஊரில் எந்தப் பிள்ளையும் அவருக்குக் கொடுக்காத மரியாதை.

"ஏழு."

"நீ எத்தனாவதுல பஞ்சை எடுத்த?"

"ஏழாவதுக்கு அப்புறம்."

அவன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். "மொத அடியிலயே எடுத்திருக்கலாம்ல ஆத்தா?"

ஊருக்கு முன்னால் அத்தனை பேசிவிட்டு வந்தவள், அடுப்பில் எரிந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். புகை கண்ணில் பட்டது. கர்ணன் பதிலுக்காகக் காத்திருந்தான்.